விட்டுப்போன ‘ன்’

என் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். ஊமை இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு ஊமைச்சாமி என்றுதான் பெயர். சோறு போதுமா என்றால் தலையாட்டுவான். இன்னும் கொஞ்சம் போடவா என்றாலும் அதே தலையாட்டல்தான், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் “பையன் வாயே திறக்க மாட்டாரா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நாலாவது பேச்சு வருவதற்குள் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி வந்தான், என் தையல் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு “வாக்கா” என்றான். பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை. அவனுக்கு ஒன்பது மாடியும் ஐந்து லிஃப்டும். எனக்கு அடித்தளத்தில் துணி அறை. சலவைக்குப் போய் வருகிற படுக்கை விரிப்புகளில் கிழிசல் பார்த்துத் தைக்க வேண்டும், தலையணை உறைக்கு நாடா வைக்க வேண்டும், டாக்டர்களின் கோட்டுக்குப் பொத்தான் போட வேண்டும். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒரு பொத்தானைக் காப்பாற்றத் தெரியாது. பல தேசத்து ஆட்கள் வேலை செய்கிற இடம் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரிப் பாஷை உண்டு. அதில் எல்லாருமே அரைகுறை. படுங்க, எழுந்திருங்க, வலிக்குதா, இங்கே கையெழுத்துப் போடுங்க. இந்த நாலை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம்.

நாலாவது மாடியில் சோதனைக்கு ரத்தம் எடுக்கிற அறை. அங்கே ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பவள்தான் அவள். நாற்பது வயதிருக்கும், தனி ஆள், தாய்மொழி ஸ்பானிஷ். நான் அவளுக்கு வைத்த பெயர் ரத்தக்காரி. மரியாதைக் குறைவான பெயர்தான். அப்போது எனக்கு அவள்மேல் மரியாதை வைக்க மனசில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை இரண்டாம் நம்பர் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். பயம் வந்துவிட்டால் மனுஷருக்கு இரவல் பாஷையெல்லாம் பறந்துவிடும், தாய் சொல்லிக் கொடுத்ததுதான் நிற்கும். அவள் ஸ்பானிஷில் கத்தினாள். தம்பி கதவுக்கு வெளியே நின்றான். என்ன சொல்வது? தமிழிலேயே சொல்லத் தெரியாதவன். ஸ்பேனரை எடுத்துக் கதவில் மூன்று தட்டுத் தட்டினான். உள்ளேயிருந்து அவளும் மூன்று தட்டினாள். அதோடு கத்தல் நின்றது.

ஆனால் லிஃப்டை நகர்த்த வேண்டுமென்றால் உச்சியில் இருக்கிற மெஷின் ரூமுக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அவன் கதவை விட்டு நகர்ந்ததும் தட்டல் நின்றது, மறுபடி கத்தல். பாவம், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறாள். இவன் பாதிப் படியில் திரும்பி ஓடிவந்து தட்டினான். பிறகு மேலே ஓடினான். மறுபடி இறங்கி வந்தான். பத்து நிமிஷ வேலைக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கதவு திறந்ததும் அவள் இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் என்னென்னவோ சொல்லி அழுதாளாம்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவனே வாயைத் திறந்தான்.

“அவங்க என்ன சொன்னாங்கன்னே தெரியலக்கா. ‘போய்ட்டு வரேன், பயப்படாதீங்க’ன்னு அவங்க பாஷையில சொல்லத் தெரிஞ்சிருந்தா அவ்ளோ பயந்திருக்க மாட்டாங்க. கத்துக்கணும். அடுத்த தடவை மாட்டினா சொல்லணுமில்ல?”

“அடுத்த தடவை மாட்டாம இருக்கறதுக்குத்தான்டா உனக்குச் சம்பளமே தர்றாங்க,” என்றேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. அந்த மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

வாத்தியாராக வாய்த்தவன் ஆம்புலன்ஸ் டிரைவர். அவனுக்கும் ஸ்பானிஷ்தான், ஆனால் அவன் தேசம் வேறு, அவள் தேசம் வேறு, நடுவில் ஒரு சமுத்திரம். ஸ்பானிஷ் பேசுகிற தேசங்கள் இருபதுக்குக் குறையாதாம். ஒரு வீட்டுச் சாம்பார் இன்னொரு வீட்டில் குழம்பாவது போல, ஒரே சொல் தேசத்துக்குத் தேசம் வேறாகிவிடுகிறது. இதை டிரைவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. டிரைவர் வண்டியைக் கழுவிக்கொண்டே சொல்லுவான். இவன் பக்கத்தில் நின்று நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வான்.

முதல் பாடமே சண்டையில் முடிந்தது. ‘வரேன்’ என்பதற்கு என்ன என்று இவன் கேட்க, நீ போகும்போது சொல்லவா, வரும்போது சொல்லவா என்று டிரைவர் கேட்க, போகும்போது என்று இவன் சொல்ல, “அப்ப அது ‘போறேன்’தானே! ‘மே வோய்’னு சொல்லு” என்றானாம். போகும்போது எவனாவது போறேன் என்று சொல்வானா? அதுவும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறவளிடம்? இவன் அசையவில்லை. அரைமணி நேரம் கையைக் காலை ஆட்டி விளக்கிய பிறகு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, “அட, திரும்பி வருவியா! அப்ப ‘ஆவோரா வெங்கோ’!” என்றான். இப்போ வரேன் என்று அர்த்தம். ஆக அவர்களும் போகும்போது வரேன் என்றுதான் சொல்கிறார்கள். இதை என்னிடம் சொன்னபோது தம்பி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தூரத்துச் சொந்தம் ஒன்றைச் சந்தையில் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தான்.

டிரைவர் கொச்சையில் மன்னன். இவனைக் கூப்பிடுவதே ‘தீயோ’ என்றுதான். தீயவன் என்று திட்டுகிறானோ என்று எனக்குக் கோபம். மாமா என்று அர்த்தமாம், ஆனால் கூட்டாளியை எல்லாம் அப்படித்தான் அழைப்பார்களாம். சரிதான், நாம் மட்டும் என்ன, முன்பின் தெரியாதவனையெல்லாம் மாப்பிள்ளை, மச்சான் என்கிறோமே. நோட்டின் பின்பக்கத்தில் ‘குழப்புகிறவை’ என்று ஒரு தலைப்பு. பசிக்கு ஆம்ப்ரே, ஆம்பிளைக்கு ஓம்ப்ரே. ‘பாப்பா’வில் கடைசி எழுத்தை அழுத்தினால் அப்பா, முதல் எழுத்தை அழுத்தினால் உருளைக்கிழங்கு. அதன் எதிரே தம்பி தன் கையெழுத்தில், “நமக்குக் குழந்தை. ஜாக்கிரதை” என்று எழுதி வைத்திருந்தான்.

அவளோடு சிநேகம் தொடங்கியதே ஒரு தப்பான சொல்லால்தான். டிரைவர் தேசத்தில் லிஃப்டைப் பிடிக்கிறதுக்கு, பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு எல்லாம் ‘கொஹேர்’ என்று ஒரு சொல். நாளைக்கு நூறு தடவை சொல்வார்களாம். இவன் மனப்பாடம் செய்துகொண்டு போய், நாலாவது மாடியில் நின்றிருந்தவளிடம், வாங்க, லிஃப்டைப் பிடிக்கலாம் என்று ரொம்பப் பணிவாகச் சொல்லியிருக்கிறான். அவள் தேசத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அதை எழுத என் வயசு இடம் கொடுக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் கன்னத்தில் கொடுத்திருப்பாள். இவள் இவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள், பால்வடிகிற முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம், கண்ணில் நீர் வருகிற வரைக்கும்.

அதிலிருந்து தினம் இரண்டு மணிக்கு, இவன் ஷிஃப்ட் முடிந்ததும், நாலாவது மாடி டீ மெஷின் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்பார்கள். இவன் நோட்டைப் பார்த்துப் பேசுவான், அவள் திருத்துவாள். பேசாத பிள்ளை பேசுகிறது. வீட்டுக்கு வந்தும் பேசினான். மோட்டார் எப்படி இருந்தது, கம்பிவடம் எத்தனை இழை தேய்ந்திருக்கிறது, அவங்க ஊரில் மழை எப்படிப் பெய்யும். நான் உம் கொட்டிக்கொண்டு கேட்பேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். பதினோரு வருஷம் என்னிடம் பேசாத பேச்செல்லாம் இவளைப் பார்த்த பிறகுதானே வருகிறது என்று வயிறு எரிந்தது. ரத்தக்காரி என்ற பெயர் அப்போது வைத்ததுதான்.

ஆறாவது மாதம், மூன்று லிஃப்டுக்கு ஒரே சமயத்தில் கம்பிவடம் மாற்றினார்கள். இவன் கிரீஸும் வேர்வையுமாக வந்து நிற்பான். எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்பாள். களைப்பாக இருக்கேன் என்பதற்கு ஸ்பானிஷில் என்ன? டிரைவர் ஒரு தடவை சைரன் சத்தத்தில் சொன்னதை இவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான்: ‘எஸ்தோய் கசாதோ.’ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, அப்படியே சொன்னான். அவள் டீயைப் பாதியில் வைத்தாள். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாளும். நாலாம் நாளிலிருந்து இரண்டு மணிக்கு டீ மெஷின் மட்டும்தான் நின்றது.

இவன் காத்திருந்து பார்த்தான். அவள் வேறு வழியாகப் போனாள், எதிரில் வந்தால் ஆஸ்பத்திரிப் பாஷையில் ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் மறுபடியும் மௌனம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அந்த நுணலுக்காவது என்ன கத்தினோம் என்று தெரியும். இவனுக்குத் தெரியவில்லை. தினம் நோட்டைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

“எந்த வார்த்தைக்கா தப்பாச் சொன்னேன்?”

“எனக்கென்னடா தெரியும்?” என்றேன். அன்றைக்கு நிஜமாகவே தெரியாது.

அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை. எங்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை உடம்புப் பரிசோதனை உண்டு. நாலாவது மாடிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். நரம்பைத் தடவிப் பார்த்தாள். மெல்லிய கை, குத்தினதே தெரியவில்லை. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது, அரைகுறைப் பாஷையில் கேட்டாள்.

“நீங்க... லிஃப்ட்காரர் மனைவி?”

நான் திகைத்துப் போனேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு இது.

“அவரே சொன்னார். மூணு நாள், மூணு தடவை. கசாதோ,” என்று சொல்லி, கையுறைக்கு மேலே மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். “நல்லவர்னு நினைச்சேன். ஆனா உங்களை ஏன் அப்படிக் கூப்பிடறார்? வராந்தாவுல, எல்லார் முன்னாடியும். அக்கா! அக்கா! எங்க பாஷையில அது ‘இங்கே! இங்கே வா!’ மனைவியை நாய் மாதிரி... எனக்குப் பிடிக்கல.”

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸோடு நான் வராந்தாவில் போனால், அந்தக் கோடியிலிருந்து இவன் “அக்காஆ!” என்று குரல் கொடுப்பான். இவன் ஆயுசில் சத்தமாகச் சொல்கிற ஒரே வார்த்தை அது. அதுவும் காதில் விழுந்தால் தமிழிலும் ஸ்பானிஷிலும் ஏறக்குறைய ஒரே சத்தம். அவளுக்கு நான் பெண்டாட்டி, அவன் அதட்டுகிற புருஷன். நோட்டில் ‘கசாதோ’ என்பதற்கு எதிரே ‘களைப்பு’ என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் கல்யாணமானவன் என்று அர்த்தம்.

“நான் போறேன்,” என்றாள் அவள், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே. “வேற ஊர்ல இவங்க ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. மாத்தல் கேட்டேன். திங்கள் இல்ல, அடுத்த திங்கள் கையெழுத்து.”

ஒரு வார்த்தை. நான் அவன் அக்கா, உடன்பிறந்தவள், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிப் பாஷையில் அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளத் தேவையில்லை, பதில் தெரிந்தேதான் இருந்தது. எனக்குப் பயம். அவள் வந்தால் இரண்டு அறை வீட்டில் நான் யார்? சமையலறையில் ஒரு மூலை, தையல் மெஷினுக்கு ஒரு மூலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கே ஒரு மூலையாகிவிடுவேன். தன்பாட்டுக்குப் போகிறவளை நான் ஏன் தடுக்க வேண்டும், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். எங்கள் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன புதுசா?

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாட்கள் போயின. துணி அறையில் தையல் கோணிக்கொண்டு போயிற்று. தலையணை உறையில் நாடாவை உள்பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தேன். படுத்தால் கண் மூட முடியவில்லை. மூடினால் பஞ்சை அழுத்திய அந்தக் கைதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா, நீ அவங்கன்னு வச்சுக்க. நான் அவங்ககிட்ட சொன்ன எல்லாத்தையும் சொல்றேன். எது சுருக்குன்னு இருக்குன்னு நீ சொல்லு.”

ஆறு மாதத்துப் பேச்சையும் ஒவ்வொன்றாக வாசித்தான். எழுபத்தோரு வாக்கியம். இன்னைக்கு மழை. உங்க ஊர்ல மலை உண்டா. டீ சூடா இருக்கு. பார்த்து எடுங்க. அந்த இடம் வந்தது. “எஸ்தோய் கசாதோ. களைப்பா இருக்கேன்,” என்று வாசித்துவிட்டு, “இதுல என்ன தப்பு இருக்கப் போவுது,” என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். நான் மடியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரி முடிந்தது. நோட்டை மூடினான்.

“வார்த்தையில தப்பு இல்லக்கா. நான் பேசினதுதான் தப்பு போலிருக்கு. எப்பவும்போலப் பேசாம இருந்திருக்கலாம்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு வாய் வந்த பிள்ளை, அந்த வாயைத் திரும்ப மூடுகிறது. அதை மூட வைத்தவள் நான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, என்மேல்.

திங்கட்கிழமை காலை துணி அறையில் சலவைத் துணிக்கட்டுகள் வந்து இறங்கிவிட்டன, எழுந்திருக்க முடியவில்லை. பத்தரைக்குத்தான் விட்டார்கள். நோட்டை முந்தின நாளே அவன் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். உடன்பிறந்தவளுக்கு ‘எர்மானா’. களைப்புக்குச் சரியான சொல்லை டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். நிதானமாகச் சொன்னான்: கன்சாதோ. நடுவில் ஒரு ‘ன்’. அந்த ஒற்றெழுத்து, தலையில் புள்ளி வைத்த ஒரு ‘ன்’, சைரன் சத்தத்தில் விழுந்துவிட்டிருக்கிறது.

இந்தத் தடவை லிஃப்டில் போக மனசு வரவில்லை. நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க அவள் எதிரில் நின்று, ஆயுசில் முதல் தடவையாக ஸ்பானிஷ் பேசினேன்.

“நான் எர்மானா. எர்மானா! பெண்டாட்டி இல்ல. அவன் கசாதோ இல்ல. கன்சாதோ. கன்... கன்சாதோ!”

அவள் விழித்தாள். ஆஸ்பத்திரிப் பாஷையில், “எர்மானா? கோயில்லேர்ந்தா?” என்று கேட்டாள். கன்னியாஸ்திரிகளையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வேலைக்காக நான் போட்டிருந்த வெள்ளை அங்கியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

“கோயிலும் இல்ல குளமும் இல்ல! ஒரே அம்மா. ஒரே அப்பா. நான் பெரியவ, அவன் சின்னவன். எங்க பாஷையில பெரியவளைக் கூப்பிடற வார்த்தை அக்கா. ‘இங்கே வா’ இல்ல. அக்கான்னா எர்மானா!” என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையையும் கலந்து கத்தினேன். ரத்தம் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கையை மடக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. முகம் முழுக்கச் சிவந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கே பேனா,” என்றாள். “கே பேனா!”

கையெழுத்துப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, என் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரித்தாள், உடனே அழுதாள். பிறகு ஆஸ்பத்திரிப் பாஷையில் சொன்னாள், “கையெழுத்து போட்டாச்சு. ஒன்பது மணிக்கு.”

ஒன்றரை மணி நேரம். ஒன்பது நாளை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு அழுகிற முட்டாளாக அங்கே நின்றேன்.

ஷிஃப்ட் முடிந்து தம்பி வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும். ரத்தம் கொடுத்தது, அவள் கேட்டது, நான் எழுந்து வந்தது, ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, ‘க’வுக்கும் ‘சா’வுக்கும் நடுவில் ஒரு ‘ன்’னைச் சொருகினான். பேனா அழுத்தி எழுதியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

“கடைசியா அவங்க என்ன சொன்னாங்க?”

“கே பேனான்னு சொன்னா. நான் பேனாவைக் கொடுத்தேன்.”

நோட்டில் தேடினான். ‘பேனா: வருத்தம், ஐயோ பாவம்’ என்று இருந்தது. வருத்தம் என்றால் முடிந்துபோனது என்றுதானே அர்த்தம். அவன் டிரைவருக்குப் போன் போட்டான்.

“எங்க ஊர்ல வருத்தம்தான், தீயோ,” என்றான் டிரைவர். “ஆனா அவங்க ஊர்ப்பக்கம் அதுக்கு வெட்கம்னும் சொல்வாங்க. அவங்க எதைச் சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? போய் அவங்களையே கேளு.”

அவளுக்கு நாலு மணி வரைக்கும் வேலை. இவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமான பேசாமையா, கோபத்துப் பேசாமையா என்று பதினோரு வருஷம் கூட இருந்த எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வெட்கமாம்,” என்றான்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். கையெழுத்துப் போட்டதை மாற்ற முடியாது, ஒரு வருஷம் அங்கேதான். அந்த ஆஸ்பத்திரியிலும் இவன் கம்பெனி லிஃப்ட்தான், ஆறு லிஃப்ட். மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள். அவளிடம் கேட்டுவிட்டான், அவளும் சரி என்றுவிட்டாள்.

“கேளு. போ,” என்றேன். “என்னைத் திட்டணும்னா திட்டிட்டுப் போடா. மனசுல வச்சுக்காத.”

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“போன வாரமே நேராப் போய் அவங்ககிட்ட என்ன கோபம்னு கேட்டுரணும்னு இருந்தேன்க்கா. அந்த வாரம் பூரா நீ தூங்காமப் புரண்டுக்கிட்டே இருந்தியா... ரத்தம் கொடுத்துட்டு வந்ததிலேர்ந்து இப்படி இருக்காளே, டெஸ்ட்ல ஏதோ பெருசா வந்திருக்கு, எங்கிட்ட மறைக்கிறான்னு நெனச்சேன். உன்னைய விட்டுட்டு எங்க போறது? அதான் கேக்கவே இல்ல.”

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். நான் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த பெரிய பெட்டியை இறக்கினேன். ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து, ஜன்னலோரம் திறந்து வைத்தேன். பூஞ்சை வாசனை போக நாலு நாளாவது ஆகும்.